பாஸ்தாவுக்கும் உண்டு பக்குவம்

2025 டிசம்பரில் தில்லி செங்கோட்டையில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுக் குழு கூடியபோது, நம் தீபாவளி உலகப் பட்டியலில் இடம்பிடித்தது. அதே கூட்டத்தில் இத்தாலியச் சமையலும் பட்டியலில் ஏறியது. தீபாவளிக்குக் கிடைத்த வெளிச்சத்தில் இரண்டாவது செய்தி நம்மவர் கண்ணில் படாமல் போயிருந்தால் வியப்பில்லை. நட்சத்திர ஓட்டல்களுக்கும் பெயர்பெற்ற செஃப்களுக்கும் கொடுத்த மாலையன்று அது. பாட்டி தாத்தாவிடமிருந்து பேரப்பிள்ளைகளுக்குக் கைமாறும் வீட்டுச் சமையல், மிச்சம் மீதியை வீணாக்காத சிக்கனம், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் பழக்கம் ஆகியவற்றைத்தான் மரபு என்று யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது.

இங்கே நிலைமை தலைகீழ். சென்னையிலோ கோவையிலோ இத்தாலிய உணவு என்றாலே மால் உணவகமும் 'ஒயிட் சாஸ் பாஸ்தா'வும்தான். மைதாவை வெண்ணெயில் வறுத்து, பாலை ஊற்றிக் கிளறி, சீஸைத் துருவிப் போட்டு, குடைமிளகாயும் ஸ்வீட் கார்னும் சேர்த்து, மேலே ஆரிகானோ பொட்டலத்தைக் கிழித்துத் தூவினால் ஆயிற்று. பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுகிறார்கள், சாப்பிட்டுப் போகட்டும். அந்த வெள்ளைச் சாஸும் இத்தாலிக்கு அந்நியமில்லை, லசான்யாவின் அடுக்குகளுக்கு நடுவே அது வரும். தொல்லை என்னவென்றால், இதைச் சாப்பிட்டவர்கள் இத்தாலியச் சமையலே இப்படித்தான், கனமானது, செலவு பிடிப்பது, வீட்டில் செய்ய வராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ரோமிலும் நேப்பிள்ஸிலும் வார நாளில் சாதாரண வீட்டில் நடப்பது நாலைந்து பொருளில் முடிகிற சமையல்.

சரி, வீட்டிலேயே செய்து பார்ப்போம் என்று துணிந்தவரை மிரட்ட இன்னொரு கூட்டம் காத்திருக்கிறது. "அதைப் போடாதே, இதைச் சேர்க்காதே" என்று குறுக்கே விழும் கூட்டம். 2015இல் கார்லோ கிராக்கோ என்ற புகழ்பெற்ற இத்தாலியச் சமையல்காரர், அமத்ரிச்சானா சாஸில் தான் பூண்டு சேர்ப்பதாகத் தொலைக்காட்சியில் சொல்லிவிட்டார். அந்த உணவுக்குப் பெயர் கொடுத்த அமத்ரிச்சே ஊர் நிர்வாகமே அதற்கு மறுப்பு வெளியிட்டது. 2021இல் நியூயார்க் டைம்ஸ் தக்காளி சேர்த்த கார்போனாரா பாஸ்தாவுக்குச் செய்முறை போட்டது. இத்தாலிய விவசாயிகள் சங்கமான கோல்திரெத்தி கொதித்தது. 2025இல் ஒரு பிரிட்டிஷ் சமையல் தளம் 'காச்சோ எ பெப்பே' பாஸ்தாவில் வெண்ணெய் சேர்க்கச் சொன்னதற்கு, இத்தாலிய உணவகச் சங்கம் ஒன்று ரோமிலுள்ள பிரிட்டிஷ் தூதர் வரைக்கும் புகாரைக் கொண்டுபோயிற்று.

ரோஷம் இருக்கட்டும். அவர்கள் காவல் காக்கும் பழைமை எவ்வளவு பழையது?

கார்போனாராவையே எடுத்துக்கொள்ளலாம். முட்டை, பன்றியின் கன்னக்கறியை உப்பிட்டு உலர்த்திய குவான்சாலே, செம்மறிப்பாலில் செய்த பெக்கோரினோ சீஸ், மிளகு. இவ்வளவுதான், வேறெதுவும் கூடாது என்பது இன்றைய சட்டம். ஆனால் ஆதா போனி 1930 வாக்கில் ரோமானியச் சமையலுக்கென்றே எழுதிய புத்தகத்தில் கார்போனாரா என்ற பெயரே கிடையாது. இதுவரை தெரிந்தவரையில் இதன் செய்முறை முதன்முதலில் அச்சேறியது 1952இல், அதுவும் சிகாகோ உணவகங்களைப் பற்றிய ஓர் அமெரிக்கப் புத்தகத்தில். இத்தாலிக்குள் 1954இல் 'லா குச்சினா இத்தாலியானா' இதழ் வெளியிட்டபோது, அதில் பூண்டும் சுவிட்சர்லாந்தின் குருயேர் சீஸும் இருந்தன. இத்தாலிக்கு முதன்முதலாக மூன்று மிஷலின் நட்சத்திரம் வாங்கித் தந்த குவால்தியேரோ மார்கேசி, தன் கார்போனாராவில் க்ரீமே ஊற்றினார். இரண்டாம் உலகப்போரின் கடைசியில் வந்திறங்கிய அமெரிக்கப் படையின் பேக்கனும் முட்டைப் பொடியும்தான் இந்த உணவுக்கு வித்திட்டன என்று வாதிடுவோர் உண்டு. பார்மா பல்கலைக்கழகத்தின் பொருளாதார வரலாற்றுப் பேராசிரியர் ஆல்பெர்த்தோ கிராந்தி, 2023இல் பைனான்சியல் டைம்ஸ் பேட்டியில் இப்படிச் சிலவற்றைப் போட்டு உடைத்ததும் நாடே எழுந்து நின்று திட்டியது.

பொலோன்யா நகரின் ராகு என்ற இறைச்சிச் சாஸும் இதே கதைதான். 1982 அக்டோபர் 17 அன்று, இத்தாலியச் சமையல் அகாடமி அதன் 'அதிகாரபூர்வ' செய்முறையை அந்நகர வணிகர் சங்கத்தில் பத்திரம்போலப் பதிவு செய்தது. மாட்டிறைச்சி, பான்சேத்தா என்ற உப்பிட்ட பன்றிக்கறி, கேரட், செலரி, வெங்காயம், வெள்ளை ஒயின், ஒரு கோப்பைப் பால், தக்காளி பேருக்குத்தான். 2023இல் அதே அகாடமி அதே செய்முறையைத் திருத்தி மறுபடி பதிவு செய்தது. இப்போது சிவப்பு ஒயினும் ஆகலாம், பால் விருப்பம்போல. பதிவாளர் முத்திரை பட்ட செய்முறையே நாற்பது ஆண்டில் மாறுகிறது. இந்த ராகுவை ஸ்பகெத்தியோடு பரிமாறுவது பொலோன்யாக்காரர்களுக்குப் பிடிக்காது. அவர்களுக்குத் தாலியாத்தெல்லே என்ற நாடா வடிவப் பாஸ்தாதான் வேண்டும். அதன் அகலத்தையும் விடவில்லை. வெந்தபின் 8 மில்லிமீட்டர் என்று 1972இல் தீர்மானித்து, தங்கத்தில் ஒரு மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள்.

இன்னும் பின்னால் போனால் தக்காளியே புதுவரவு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வருவதற்கு முன், தக்காளியும் மிளகாயும் அங்கும் இல்லை, இங்கும் இல்லை. நேப்பிள்ஸில் 1690களில் அந்தோனியோ லத்தீனி அச்சிட்ட தக்காளி சாஸ், 'ஸ்பானிய முறை' என்ற பெயரோடுதான் வந்தது.

'இத்தாலியச் சமையல்' என்று ஒன்று இருப்பதாக நாட்டை நம்பவைத்தவர் சமையல்காரரே அல்ல. பெல்லெக்ரினோ ஆர்த்தூசி, ஃபோர்லிம்போப்போலியில் பிறந்து ஃபுளோரன்ஸில் குடியேறிய வணிகர், கடைசிவரை பிரம்மச்சாரி. இத்தாலி ஒரே நாடாகி முப்பது ஆண்டு ஆகியிருந்த 1891இல், தம் 71ஆம் வயதில், 475 செய்முறைகளோடு ஒரு புத்தகம் எழுதினார். பதிப்பாளர்கள் கைவிரித்ததால் சொந்தக் காசில் ஆயிரம் பிரதி அச்சிட்டார். பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஊர் ஊராகப் பெண்கள் அவருக்குக் கடிதம் எழுதினார்கள்: எங்கள் வீட்டில் இதை இப்படிச் செய்வோம், இதைச் சேர்த்துப் பாருங்கள், இது சரியாக வரவில்லை என்று. ஆர்த்தூசி வீட்டில் சமையல் செய்த மரியெத்தாவும் ஃபிரான்செஸ்கோவும் ஒவ்வொன்றையும் செய்து பார்ப்பார்கள். தேறியது அடுத்த பதிப்பில் ஏறும். 1911இல் அவர் இறந்தபோது செய்முறைகள் 790 ஆகியிருந்தன. புத்தகத்தின் வருமான உரிமையை அந்த இரண்டு சமையல்காரர்களுக்கே எழுதி வைத்துவிட்டுப் போனார்.

புத்தகம் முழுக்க அவருடைய வம்பளப்பும் உண்டு. 1855இல் லிவோர்னோவில் ஒரு கிண்ணம் மினெஸ்த்ரோனே சூப் குடித்துவிட்டு, இரவெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவதிப்பட்டு, சூப்பைச் சபித்தபடியே ஊரைவிட்டுக் கிளம்பினாராம். பிறகுதான் தெரிந்தது ஊரில் காலரா, தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரர் அதில் போய்விட்டார் என்று. பாவம் சூப் மேல் பழி போட்டோமே என்று, வீட்டில் மறுபடி மறுபடி செய்து பார்த்து அதைத் தேற்றினார். செவ்வியல் இத்தாலியச் சமையல் என்று இன்று கொண்டாடப்படுவதில் பெரும்பங்கு இப்படிக் கடிதமும் தவறும் திருத்தமுமாக வீடுகளில் உருவானது. அதன் பொருள் பட்டியலை வேதமாக்க வேண்டியதில்லை.

அதற்காக எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்றாகிவிடாது. பட்டியலில் விட்டுக்கொடுக்கலாம், பக்குவத்தில் கூடாது. நம் வீடுகளில் இத்தாலியச் சமையல் கெடுவது குவான்சாலே கிடைக்காததால் அல்ல. கை வேறு பழக்கத்தில் ஊறியிருப்பதால்.

சேமியாவை வேகவைத்துக் குளிர்ந்த நீரில் அலசிப் பழகிய கை பாஸ்தாவையும் அலசுகிறது. ஒட்டாமலிருக்க என்று கொதிநீரில் எண்ணெயும் விடுகிறது. இரண்டும் தப்பு. பாஸ்தாவின் மேல் படிந்திருக்கும் மாவுப்பசைதான் சாஸைப் பிடித்து வைக்கிறது. அதைக் கழுவி விட்டால் சாஸ் தட்டின் அடியிலும் பாஸ்தா மேலேயும் தனித்தனியாக நிற்கும். இத்தாலிய வீட்டுக் கணக்கு எளிது: 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. தாராளமான தண்ணீரில் அவ்வப்போது கிளறிவிட்டால் அது ஒட்டாது. பொட்டலத்தில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்க்க வேண்டும். கடித்த இடத்தில், நட்டநடுவே ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அதுதான் சமயம். ஒரு கரண்டி வெந்த நீரோடு பாஸ்தாவைத் தூக்கிச் சாஸ் இருக்கும் வாணலியில் போட்டு, மிச்ச வேக்காட்டை அங்கே முடிக்க வேண்டும். சாஸ் வேறு, பாஸ்தா வேறு என்றில்லாமல் இரண்டும் பளபளவென்று ஒன்றாகிவிடும். இதைத் தெரிந்துகொண்டவருக்குப் பாதிச் சமையல் வந்துவிட்டது.

அடுத்தது தாளிக்கும் கை. எண்ணெய் காய்ந்து கடுகு வெடிக்க வேண்டும் என்பது நம் ரத்தத்தில் ஊறியது. ஸ்பகெத்தி ஆலியோ எ ஓலியோ என்ற பூண்டு-எண்ணெய்ப் பாஸ்தாவுக்கு அது ஆகவே ஆகாது. மெல்லியதாக அரிந்த பூண்டைச் சூடேறாத ஆலிவ் எண்ணெயில் போட்டு, அதன்பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும், அதுவும் சிறு தீயில். எண்ணெய் சூடாகச் சூடாகப் பூண்டைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழ் எழும். பச்சை வாசம் போய், ஓரம் லேசாகப் பொன்னிறம் காட்டும்போது கிள்ளிய வற்றல் மிளகாயைப் போட்டு, உடனே பாஸ்தா வெந்த நீர் ஒரு கரண்டி. அரை நிமிடம் தாமதித்தால் பூண்டு கருகிக் கசந்துவிடும். பிறகு எதைப் போட்டாலும் மீட்க முடியாது. சீஸ் வேண்டாம், க்ரீம் வேண்டாம். இதில் ஆலிவ் எண்ணெய்க்கு மட்டும் மாற்று இல்லை, ஏனென்றால் உணவே அந்த எண்ணெய்தான். விலை யோசிக்க வைக்கும்; ஆனால் வட இத்தாலியின் பல சமையல்களுக்கு வெண்ணெயே போதும் என்பதால் ஒரு சின்ன புட்டி மாதக்கணக்கில் வரும்.

சூட்டுக்கும் சீஸுக்கும் உள்ள பகை மூன்றாவது பாடம். காச்சோ எ பெப்பே என்றால் பெக்கோரினோவும் மிளகும் மட்டும்தான். பாஸ்தாவையும் சேர்த்து மூன்றே பொருளில் உலகத்தின் பாதிச் சமையல்காரர்களை அழவைக்கும் உணவு அது: சீஸ் உருகிச் சாஸாகாமல் ரப்பர் உருண்டையாகத் திரண்டுவிடும். இத்தாலிய இயற்பியலாளர்கள் சிலர் இதையே ஆராய்ந்து 2025இல் கட்டுரை வெளியிட்டு, சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசையும் வாங்கிவிட்டார்கள். அவர்கள் கண்டது: சீஸின் எடையில் இரண்டு மூன்று சதவீதம் மாவுப்பசை இருந்தால் சாஸ் திரியாது, பாஸ்தா வெந்த நீரில் மட்டும் அந்த அளவு இருப்பது அரிது. ஆகவே ஒரு சிட்டிகை சோள மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, ஆறவைத்துச் சீஸோடு அரைத்துக்கொண்டால் தோல்வி இல்லை. ரோமப் பாட்டிகள் ஒப்புக்கொள்வார்களா தெரியாது. சோள மாவு டப்பா இல்லாத நம் சமையலறைதான் எது? கார்போனாராவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் முட்டைக் கலவையை ஊற்ற வேண்டும். இல்லையென்றால் முட்டைப் பொரியல்தான் மிஞ்சும்.

ரிசோட்டோ என்ற குழைவான அரிசி உணவில் சோதனை நம் வழக்கத்துக்கு நேர் எதிர். அரிசியை மூன்று தண்ணீர் விட்டுக் களைவது நம் வழக்கம். இங்கே களையவே கூடாது. அர்போரியோ, கர்னரோலி ரக அரிசிகளின் மேல்மாவுதான் அந்தக் குழைவைத் தருகிறது. வெண்ணெயில் அரிசியை வறுத்து, கொதிக்கக் கொதிக்க இருக்கும் காய்கறிச் சாற்றைக் கரண்டி கரண்டியாக விட்டு, பதினேழு பதினெட்டு நிமிடம் பக்கத்திலேயே நிற்க வேண்டும். குக்கரில் விசில் வைக்கிற வேலை இல்லை.

பயந்தவர்களுக்கு மார்செல்லா ஹசானின் வாழ்க்கையே ஆறுதல். செசெனாத்திக்கோவில் பிறந்து, இயற்கை அறிவியலில் முனைவர் பட்டம் வாங்கி, 1955இல் கல்யாணமாகி நியூயார்க் போய்ச் சேர்ந்தபோது அவருக்குச் சமைக்கவே தெரியாது. ஆதா போனியின் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஊரில் சாப்பிட்ட ருசியை நினைவிலிருந்து தேடித் தேடிப் பழகினார். சீனச் சமையல் வகுப்புக்குப் போன இடத்தில், கூடப் படித்தவர்கள் "எங்களுக்கு இத்தாலியச் சமையல் சொல்லிக் கொடுங்கள்" என்று கேட்கப் போய் ஆசிரியையானவர். 1973இல் வந்த அவருடைய முதல் புத்தகம் அமெரிக்கர்களின் இத்தாலியச் சாப்பாட்டையே மாற்றியது.

அவருடைய புகழ்பெற்ற தக்காளி சாஸில் மூன்றே பொருள்கள்: 800 கிராம் தக்காளி, 70 கிராம் வெண்ணெய், இரண்டாக வெட்டிய ஒரு வெங்காயம். கூடவே உப்பு. தக்காளியைக் கொதிநீரில் முக்கித் தோலுரித்து, எல்லாவற்றையும் ஒன்றாக அடுப்பில் ஏற்றி, முக்கால் மணி நேரம் சிறு தீயில் விட்டால் வேலை முடிந்தது. வதக்கல் இல்லை, பூண்டு இல்லை, மிளகாய்த்தூள் இல்லை. நம் நாட்டுத் தக்காளியின் புளிப்பை வெண்ணெய் அடக்கிவிடும். வெங்காயத்தைக் கடைசியில் எடுத்துவிடச் சொல்கிறார் ஹசான்; எறிய மனம் வராதவர்கள் தனியாகச் சாப்பிடலாம், பலரும் அதைத்தான் செய்கிறார்கள். கடையில் வாங்குவது உப்பு போட்ட வெண்ணெய் என்றால் உப்பைக் கடைசியில் ருசி பார்த்துச் சேர்ப்பது நல்லது.

சைவ வீடுகளுக்கு ஒரு செய்தி. அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் பாலைத் திரிக்க இளங்கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. பெக்கோரினோ ரொமானோவுக்கு ஆட்டுக்குட்டியின் ரென்னெட். உணவகங்கள் இதை மெனுவில் எழுதுவதில்லை, எழுத வேண்டும். இந்தியாவில் தயாராகும் கெட்டிச் சீஸ்களில் நுண்ணுயிர் ரென்னெட் சேர்த்தவை உண்டு, பச்சைப் புள்ளி பார்த்து வாங்கலாம். அதுவும் வேண்டாம் என்றால், தென்னித்தாலிய ஏழைகள் எப்போதோ கண்டுபிடித்த வழி இருக்கிறது: காய்ந்த ரொட்டியைப் பொடித்து, எண்ணெயில் மொறுமொறுவென வறுத்துப் பாஸ்தா மேல் தூவுவது. ஏழையின் பார்மிஜானோ என்று அதற்கே பெயர்.

கறி விலக்கும் வெள்ளிக்கிழமைகளில் ரோமாபுரிக்காரர்கள் தேடிப்போவது கொண்டைக்கடலையை. ஊறவைத்த கடலையைக் குழைய வேகவைத்து, பாதியை மசித்து, பூண்டும் ரோஸ்மேரியும் கொஞ்சம் தக்காளியும் சேர்த்து, அதே பாத்திரத்தில் குட்டிப் பாஸ்தாவையும் போட்டு வேகவிட்டால் 'பாஸ்தா எ சேச்சி'. புரதமும் மாவும் ஒரே கிண்ணத்தில். நீலகிரியில் விளையும் ரோஸ்மேரி கிடைத்தால் பிரமாதம், இல்லையென்றால் விட்டுவிடலாம்; கறிவேப்பிலையைப் போட்டால் சுண்டலாகிவிடும். அசைவக்காரர்கள் மாட்டிறைச்சி ராகுவை ஆட்டுக் கொத்துக்கறியில் செய்வதில் கூச்சப்படத் தேவையில்லை. இத்தாலியின் அப்ரூத்ஸோ வட்டாரத்திலேயே ராகுவை ஆட்டுக்குட்டிக் கறியிலும் செய்கிறார்கள். இரண்டு மூன்று மணி நேரம் சிறு தீயில் விடுவதைத்தான் குறைக்கக் கூடாது.

பீட்சாவைக் கடைக்கே விட்டுவிடலாம். நேப்பிள்ஸின் விறகு அடுப்பு 430 டிகிரிக்கு மேல் தகிக்கிறது, பீட்சா ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்துவிடுகிறது. வீட்டு ஓடிஜி 250ஐத் தாண்டுவதில்லை. இத்தாலியர்களே அதற்கு வெளியேதான் போகிறார்கள்.

பாஸ்தா வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான். உலர்ந்த பாஸ்தாவை டூரம் கோதுமை ரவையில்தான் செய்ய வேண்டும் என்று இத்தாலி 1967இலேயே சட்டம் போட்டிருக்கிறது. மைதா கலந்தது வெந்ததும் களியாகிவிடும். பொட்டலத்தின் பின்பக்கம் 'டூரம்' என்று இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் கீழே வைத்துவிடுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஹசானின் தக்காளி சாஸிலிருந்து தொடங்குங்கள். பாஸ்தாவோடு மசாலாப் பொட்டலம் இலவசமாக வந்தால், அதை உப்புமாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.